கணினியில் 5 தலைமுறையா, 13 தலைமுறையா?

மடிக்கணினி வாங்கப் போனால் '13ஆம் தலைமுறை' என்று ஒட்டியிருக்கும். பாடப்புத்தகத்தில் கணினிக்கு மொத்தமே 5 தலைமுறைதான். எது சரி?

இரண்டுமே சரிதான். கடையில் பார்ப்பது ஒரு நிறுவனம் தன் சில்லு வரிசைக்குப் போட்ட எண். பாடப்புத்தகம் சொல்வது கணினியின் வரலாறு.

அந்த வரலாற்றில் முதல் நான்கு தலைமுறைகளையும் பிரித்தது ஒரே விஷயம்: மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கும் சுவிட்ச்.

முதல் தலைமுறை: வெற்றிடக் குழாய்

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினி அறிமுகமானது. அதில் சுமார் 18,000 குழாய்கள். எடை ஏறத்தாழ 30 டன். குழாய்கள் பழைய பல்பு மாதிரி சூடாகும், அடிக்கடி பழுதாகும். எது போச்சு என்று தேடி மாற்ற வேண்டும்.

இரண்டாம் தலைமுறை: டிரான்சிஸ்டர்

1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. குழாய் செய்த அதே வேலைதான். ஆனால் அளவு சிறியது, சூடும் குறைவு. 1959இல் அறிமுகமான ஐபிஎம் 1401 இந்த வகை. 10,000க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டு, பல அலுவலகங்களுக்குள் நுழைந்தது.

ஆனா, புதுத் தலைவலி ஒன்று வந்தது. ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகப் பொருத்தி இணைக்க வேண்டும். ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் சிக்கல்தான்.

மூன்றாம் தலைமுறை: ஐசி

1958இல் ஜாக் கில்பி பல பாகங்களை ஒரே துண்டில் அமைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு ராபர்ட் நாய்ஸ், இணைப்புகளையும் சேர்த்தே சிலிக்கன் சில்லில் பதிக்கும் வழியைச் சொன்னார். 1969இல் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 11இன் கணினியில் இருந்தவை ஐசிகளே.

நான்காம் தலைமுறை: நுண்செயலி

1971இல் இன்டெல் 4004 விற்பனைக்கு வந்தது. ஜப்பானிய கால்குலேட்டர் நிறுவனம் ஒன்றுக்காக உருவான சில்லு அது. கணக்குப் போடும் 'மூளை' முழுவதும் ஒரே சில்லில்! அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் 1,600 கோடி.

அப்போ ஐந்தாம் தலைமுறை?

இங்குதான் கணக்கு மாறுகிறது. 1982இல் ஜப்பான் 'ஐந்தாம் தலைமுறைக் கணினி' என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கியது. மனிதரைப் போல் காரணம் ஆராய்ந்து முடிவெடுக்கும் கணினியை உருவாக்குவது இலக்கு. எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது பல புத்தகங்கள் செயற்கை நுண்ணறிவை ஐந்தாம் தலைமுறை என்கின்றன. ஆனால் நாம் கேள்வி கேட்கும் சாட்ஜிபிடியும் டிரான்சிஸ்டர் சில்லுகளில்தான் இயங்குகிறது. சுவிட்ச் இன்னும் மாறவில்லை. அதாவது, பாகத்தை வைத்துப் பார்த்தால் நாம் இன்னும் நான்காம் தலைமுறையில்தான் இருக்கிறோம்!

குவாண்டம் கணினி வேறு கதை. அதன் அடிப்படைப் பாகமான கியூபிட், டிரான்சிஸ்டர் போல இயங்குவதில்லை. அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தால், அதைப் புதுத் தலைமுறை என்று தாராளமாகச் சொல்லலாம்.

தேர்வில் ஐந்து என்றே எழுதுங்கள். ஆனால் 'அடுத்த தலைமுறை' என்று யாராவது விளம்பரம் செய்தால், உள்ளே எந்தப் பாகம் மாறியது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.