கால அட்டவணை போட்ட மாணவன்



பள்ளி திறந்ததும் ஆசிரியர்களுக்கு வரும் முதல் தலைவலி என்ன தெரியுமா? பிள்ளைகள் இல்லை, கால அட்டவணை! ஒரே பாடவேளையில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பில் விழக் கூடாது. எந்த வகுப்பும் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒருவருக்கே மூச்சு விடாமல் எல்லாப் பாடவேளையும் வரக் கூடாது. எட்டு ஆசிரியர்கள் இருந்த எங்கள் நடுநிலைப் பள்ளியிலேயே அழித்து அழித்து எழுதி ஒரு வாரம் ஓடிவிடும்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். யாரை எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று பிரித்துப் போடும் வேலையை, மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் ஒரு மாணவனிடம் விட்டிருக்கிறார். அந்த மாணவன்தான் கணித மேதை ராமானுஜன்.

ராமானுஜன் கதையை எல்லோரும் கேம்பிரிட்ஜில் வைத்துச் சொல்வார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த எனக்குக் கண் பள்ளிக்கூடத்தின் மேல்தான் போகிறது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். 1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். அடுத்த ஆண்டு டவுன் பள்ளியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் அங்கே படித்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் மூலம் லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகம் கையில் கிடைத்தது. பதின்மூன்று வயதுக்குள் முடித்துவிட்டார். 1903இல் கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய புத்தகம் கிடைத்தது. இவையெல்லாம் அவராகத் தேடிக் கற்றவை. பள்ளி அவரை மேதை ஆக்கியது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பள்ளி இரண்டு காரியம் செய்தது. அவனிடம் இருந்த திறமைக்கு உண்மையான ஒரு வேலை கொடுத்தது. அந்தத் திறமையை ஊரறியச் சொன்னது. 1904 பரிசளிப்பு விழாவில் ரங்கநாத ராவ் கணிதப் பரிசை வழங்கியபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாலும் போதாது என்ற பொருளில் பேசினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த மேடை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரி. அங்கே கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற பேராசிரியர் சமமாக உட்கார்ந்து இவருடன் கணக்குப் போட்டார். ஆனாலும் எஃப்.ஏ. தேர்வில் அந்த ஆண்டும் தோல்வி, அடுத்த ஆண்டும் தோல்வி. மேடையில் கைதட்டல் வாங்கிய பையன் மூன்றே ஆண்டில் ‘ஃபெயிலான பையன்’ ஆகிவிட்டான். பட்டம் இல்லை, வேலை இல்லை. டியூஷன் எடுத்தும் வயிறு நிறையவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அவரைத் தூக்கிவிட்டது மதிப்பெண் பட்டியல் அல்ல, ஓர் ஆசிரியரின் ஞாபகம். 1910இல் நோட்டுப் புத்தகத்துடன் திருக்கோவிலூரில் துணை ஆட்சியர் ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். அவர் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே இருந்த சேஷு ஐயர், கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர். பையனை மறக்கவில்லை. அவர் எழுதிய கடிதத்தோடுதான் நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவிடம் போனார். மாதாமாதம் பண உதவி கிடைத்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், இரவில் ஸ்லேட்டும் கையுமாக அவருடன் கணக்குப் போட்டார். 1913இல் ஹார்டிக்குக் கடிதம். அதே ஆண்டு, பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914இல் கப்பல் ஏறினார். 1918இல் எஃப்.ஆர்.எஸ். 1920இல், 32 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார்.

நம் பள்ளிகளில் மேதைகள் தினமும் வருவதில்லை. ஆனால் ஏதோ ஒன்றில் கை தேர்ந்த பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். என் வகுப்பில் ஒருவன், வாய்ப்பாடு என்றால் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்வான். இன்று சத்துணவு சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று எல்லா வகுப்புக்கும் போய் எண்ணிவரும் வேலையை அவனிடம் கொடுத்தேன். ஒரு நாள் கூடக் கணக்குத் தப்பியதில்லை. இன்று ஆயிரம் இலை போடும் கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறான். இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான்.

மணி அடிப்பது, காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது, கரும்பலகையில் குறள் எழுதுவது, இலக்கிய மன்றத்தில் நன்றியுரை சொல்வது — இவற்றுக்கு எல்லாம் மதிப்பெண் கிடையாது. ‘என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார்கள்’ என்ற நினைப்பு மட்டும் தேர்வில் தோற்ற நாளிலும் கூடவே வரும்.

உங்களில் பலர் இப்போது பெற்றோர். பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பொறுப்பு கொடுத்தால், ‘படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்காதீர்கள். உங்களில் சிலர் ஆசிரியர்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் பெயரையும் முகத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு கடிதம் எழுத வேண்டி வரலாம்.

பள்ளியில் உங்களுக்கு யார் என்ன வேலை கொடுத்தார்கள்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்