அங்கே சம்பல், இங்கே சாம்பல்

சடையங்குப்பம்னு சொன்னா சென்னைக்காரங்களே பாதிப்பேர் 'அது எங்கப்பா இருக்கு?'ன்னு கேப்பாங்க. மணலிக்கு அந்தாண்ட, கொசஸ்தலை ஆத்தங்கரை. மாநகராட்சிக்குள்ளேதான் இருக்கு. ஆனா பூண்டியில் தண்ணி திறந்துவிட்டாத்தான் டிவியில ஊர்ப்பேரு வரும். இங்கே இருளர் குடியிருப்பு ஒண்ணு உண்டு. கழிமுகத்துச் சேத்துல கையால துழாவியே இறால் பிடிக்கிற மக்கள். முதலை பத்தி எழுத வந்துட்டு இவங்களைப் பத்தி ஏன் சொல்றேன்னு பாக்குறீங்களா? காரணம் இருக்கு.

முதலை நமக்கு வேத்தாள் இல்லீங்க. கபிலரோட குறிஞ்சிப்பாட்டுல முதலை, இடங்கர், கராம்னு மூணு பேர் வருது. பின்னாடி ரெண்டு சொல்லையும் நாம தொலைச்சுட்டோம். இன்னிக்குத் தமிழ்நாட்டு ஆறுகளில் வாழுறதும் ஒரே இனம்தான், மக்கர் எனப்படும் சதுப்புநில முதலை. உப்புநீர் முதலையைப் பாக்கணும்னா ஒடிசாவின் பிதர்கனிகாவுக்கோ, சுந்தரவனத்துக்கோ, அந்தமானுக்கோ போகணும். நீண்ட மூக்குக் கரியலுக்கு வட இந்தியா போகணும்.

1970களின் ஆரம்பத்தில் இந்த மூணுமே முடியற நிலைமையில் இருந்துச்சு. தோலுக்காகச் சுட்டுத் தள்ளினாங்க. முட்டையை எடுத்துத் தின்னாங்க. மீன் வலையில் சிக்கிச் செத்தது தனி. கரியல் இருநூறுக்கும் கீழேன்னு ஒரு கணக்கு. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1975இல் ஐ.நா. உதவியோட அரசின் முதலைத் திட்டம் ஆரம்பிச்சது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் குழுவினர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினாங்க. நாமெல்லாம் சின்ன வயசுல மாமல்லபுரம் சுற்றுலாவோட பார்த்துட்டு வந்தோமே, அதேதான்.

இந்த வேலைக்கு மூலதனமே முட்டைதான். மக்கர் மணல்திட்டுல குழி தோண்டி இருபத்தஞ்சு முப்பது முட்டை இட்டு மூடிட்டுப் போயிடும். மேலே பாத்தா வெறும் மணல். கால் தடம், வால் இழுத்த கோடு இதையெல்லாம் வச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சாலும் மேல்பக்கம் எதுன்னு அடையாளம் போட்டு, புரட்டாம தூக்கணும். புரண்டா உள்ளே இருக்கிற குஞ்சு செத்துப்போகும். தடம் பாக்குற வித்தையில் இருளரை மிஞ்ச ஆள் கிடையாது. பாம்பு தேடுறதுல விட்டேக்கரும் இவங்ககிட்ட கத்துக்கிட்டார். முதலைப் பண்ணையிலும் இருளர் வேலை பார்த்தாங்க. 1978இல் அவங்களோட பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் அதே வடநெம்மேலியில்தான் உருவாச்சு. அதைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைச்சுது. ரொம்ப லேட்டுன்னாலும் சந்தோஷம்.

குஞ்சு பொரிக்க வைக்கிறது பிரமாதமா நடந்துச்சு. ஒரே பருவத்தில் ரெண்டு தடவை முட்டையிடும் மக்கரைப் பண்ணையிலேயே பார்த்தாங்க. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போச்சு. அப்புறம்தான் சிக்கல். எங்கே கொண்டுபோய் விடுறது? ஆத்தங்கரை முழுக்க ஜனங்க. அமராவதி, சாத்தனூர்னு சில இடங்களில் விட்டாங்க. 90களின் நடுவில் ஆத்துல விடுறதே நின்னுபோச்சு. 2022இல் ஆயிரம் முதலைகளை வடநெம்மேலியிலிருந்து குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடாச்சு. எந்த ஆத்துக்கும் இல்லீங்க, இன்னொரு விலங்குக்காட்சி சாலைக்கு! முதலை கிடைச்சிடுச்சு, ஆறுதான் கிடைக்கலை.

காட்டு முதலை பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: அணைக்கரை கொள்ளிடம், அமராவதி, மோயாறு. குளிர்காலக் காலை நேரம் நல்லது, வெயில் காய கரையில் கிடக்கும். ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணு கங்கு மாதிரி மின்னும். சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் குளத்துக்கே வந்துடும். அந்த ஊர்க்காரங்ககிட்ட போய் "எவ்ளோ அழகு!"ன்னு சொல்லிடாதீங்க, அடி விழும் :-)

கரியலுக்குச் சம்பல் நதி. ஆண் கரியலோட மூக்கு நுனியில் பானை கவுத்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். 'கடா'ன்னா இந்தியில் பானை, பேரே அதுலேர்ந்து வந்ததுதான். தண்ணி தெளிவா இருக்குறதால அங்கே பிழைச்சுக் கிடக்கு. அங்கேயும் 2007 டிசம்பர்லேர்ந்து சில மாசத்துக்குள்ளே நூத்துக்கும் மேல செத்து மிதந்துச்சு. சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. யமுனையிலிருந்து வந்த மீனைத் தின்னதால இருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்க. எந்த நஞ்சுன்னு உறுதியாகலை. பக்கத்து ஆத்து அழுக்குக்கே அந்த கதின்னா, அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்ச நம்ம கொசஸ்தலைக் கழிமுகத்தை யோசிச்சுப் பாருங்க. அங்கே சம்பல், இங்கே சாம்பல்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழை ஞாபகம் இருக்கா? பெருங்களத்தூர் பக்கம் ரோட்டைக் கடந்த ஒரு முதலையோட வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. பண்ணையிலிருந்து தப்பிச்சதுன்னு ஆளாளுக்குக் கதை விட்டாங்க. நெடுங்குன்றம் ஏரிப் பக்கம் மக்கர் இருக்குறது அங்கத்தி ஜனங்களுக்குப் பழைய சேதி. அதே மழை வெள்ளத்தோட நம்ம பக்கம் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது எண்ணெய். படகு, வலை, நாரைக் காலு, இறாலுக்குத் துழாவுற கை எல்லாம் கறுப்பு. வாரக்கணக்குல யாரும் ஆத்துல இறங்கலை.