கடன் மேலாண்மைத் திட்டமும் முன்கூட்டிய தீர்வும் (பிரிட்டன்)

பல இடங்களில் வாங்கிய கடனை ஒப்பந்தப்படி கட்ட இயலாதவர், தம்மால் முடிந்த ஒரே தொகையை மாதந்தோறும் செலுத்த, கடன் கொடுத்தவர்கள் அதைத் தத்தம் பாக்கியின் விகிதப்படி பிரித்துக்கொள்ளும் ஏற்பாடே கடன் மேலாண்மைத் திட்டம். கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், ஓவர்டிராஃப்ட் போன்ற ஈடில்லாக் கடன்கள் இதில் சேரும். வீட்டு வாடகை, கவுன்சில் வரி, அடமானத் தவணை ஆகியவற்றைத் தனியே கட்ட வேண்டும். 1993-இல் லீட்ஸ் நகரில் தொடங்கப்பட்டு, 2012-இல் ஸ்டெப்சேஞ்ச் என்று பெயர் மாறிய அறநிறுவனம் இதைக் கட்டணமின்றி நடத்தித் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. வட்டியை நிறுத்துவதும் நிறுத்தாததும் கடன் கொடுத்தவரின் விருப்பம். அதனால், கையில் ஒரு தொகை சேர்ந்ததும் கணக்கை நேர்செய்து வெளியேறப் பலரும் முனைகிறார்கள். அப்படித் தீர்ப்பதால் கடன் மதிப்பு எவ்வளவு தேறும் என்பதைக் கட்டிய தொகையைவிடக் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறிய தேதியே பெரிதும் முடிவு செய்கிறது. அதற்கு முன், குறைத்துக் கட்டித் தீர்ப்பது செல்லுமா என்ற பழைய கேள்வியைப் பார்க்க வேண்டும்.

இதன் வேர் 1602-ஆம் ஆண்டின் பினெல் வழக்கில் இருக்கிறது. கோல் என்பவர் பினெலுக்கு 8 பவுண்டு 10 ஷில்லிங் தர வேண்டியிருந்தது. கெடு 1600 நவம்பர் 11. அக்டோபர் 1-ஆம் தேதியே 5 பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகவும், பினெல் அதை வாங்கிக்கொண்டதால் கடன் தீர்ந்ததாகவும் கோல் வாதிட்டார். எட்வர்ட் கோக் தொகுத்த அறிக்கையின்படி நீதிமன்றம் வகுத்த நெறி இது: கெடு நாளில் குறைந்த தொகையைக் கொடுத்தால் முழுக்கடன் தீராது; ஆனால் குதிரையோ வல்லூறோ அங்கியோ கொடுத்து, அதைக் கடன் கொடுத்தவர் ஏற்றால் தீரும்; கெடுவுக்கு முன்பே கொடுத்த குறைந்த தொகையாலும் தீரும். முன்னதாகக் கைக்கு வரும் சிறு பணம், பின்னால் வரும் முழுப்பணத்தைவிட ஒருவருக்கு அதிகம் உதவக்கூடும் என்பதே காரணம். வாதத்தை முறைப்படி எழுதாததால் கோல் தோற்றார், நெறி நிலைத்தது. முன்கூட்டிக் கட்டுவதற்கென்று தனி மதிப்பு உண்டு என்பதை ஆங்கிலச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது.

1884-இல் பிரபுக்கள் சபை முடித்துவைத்த ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கு இன்றைய திட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. நீதிமன்றத் தீர்ப்பின்படி மருத்துவர் ஃபோக்ஸ், ஜூலியா பீருக்கு 2,090 பவுண்டு 19 ஷில்லிங் தர வேண்டியிருந்தது. உடனே 500 பவுண்டும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 150 பவுண்டுமாகக் கட்டினால் மேல்நடவடிக்கை எடுப்பதில்லை என்று பீர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஃபோக்ஸ் அசலை அப்படியே கட்டி முடித்த பிறகு, பீர் வட்டி கேட்டு வழக்காடி வென்றார். உடனடியாகக் கிடைக்கும் பகுதித் தொகையை வணிகர்கள் அன்றாடம் விரும்பி ஏற்கிறார்களே என்று தயங்கிய பிளாக்பர்ன் பிரபு, மாறுபட்டுத் தீர்ப்பு எழுதாமல் விட்டார். எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனெனில், 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவில் அந்த நியாயத்தை முன்பே ஏற்றிருந்தது. 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாயை முழுத்தீர்வாக வாங்கிக்கொண்டால் கடன் தீர்ந்தது என்கிறது அதன் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் ஒரு வாசல் மட்டும் திறந்தது. 1911-இன் ஹீராசந்த் பூனம்சந்த் எதிர் டெம்பிள் வழக்கில், மகனின் கடனுக்காகத் தந்தை அனுப்பிய குறைந்த தொகையைப் பணமாக்கிக்கொண்ட இந்திய லேவாதேவிக்காரர்கள், மிச்சத்துக்காக மகன்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று முடிவாயிற்று.

1974-இன் நுகர்வோர் கடன் சட்டம் கெடுவுக்கு முன்பே முழுவதையும் கட்டும் உரிமையையும், அதற்குரிய வட்டிக் கழிவையும் தருகிறது. குறைத்துக் கட்டும் உரிமையைத் தரவில்லை. ஆகவே குறைந்த தொகைக்கு இசைவு கிடைத்தால், பணத்தை அனுப்புவதற்கு முன்பே கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். கணக்கு எண், தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், மிச்சத்தைத் தாங்களும் கேட்பதில்லை, வசூல் நிறுவனத்துக்கும் விற்பதில்லை என்ற உறுதி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். உறவினர் பணம் தருகிறார் என்றால், அவரே நேரடியாகச் செலுத்துவது 1911-இன் நெறிப்படி கூடுதல் பாதுகாப்பு.

இனி பதிவேட்டுக்கு வருவோம். அதை வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் நீண்ட பரம்பரை உண்டு. 1826-இல் மான்செஸ்டர் வணிகர்கள் தொடங்கிய வணிகப் பாதுகாப்புச் சங்கம், எக்ஸ்பீரியனின் முன்னோடிகளுள் ஒன்று. இன்று எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று பெரிய நிறுவனங்கள் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. ‘டீஃபால்ட்’ (தவணை தவறியது) என்று பதிந்த கணக்கு, அந்தத் தேதியிலிருந்து ஆறு ஆண்டுகளில் மறைந்துவிடும். கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தாலும் அந்தத் தேதி மாறக் கூடாது. டீஃபால்ட் ஆகாமல் ‘கட்டண ஏற்பாடு’ என்ற குறியோடு ஓடும் கணக்கோ, தீர்த்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் தெரியும். இரண்டு கிரெடிட் கார்டுகளோடு ஒருவர் 2018-இல் திட்டத்தில் சேர்ந்தார் என்று கொள்வோம். ஒன்றில் அந்த ஜூன் மாதமே டீஃபால்ட் விழுகிறது. மற்றது ஏற்பாட்டுக் குறியோடு ஓடி, 2023 ஜூனில் தீர்க்கப்படுகிறது. மோசமாகத் தோன்றும் முதல் கணக்கு 2024 ஜூனில் மறைகிறது. சலுகை பெற்றதாகத் தோன்றும் இரண்டாவது 2029 வரை நிற்கிறது. முன்கூட்டித் தீர்ப்பதால் உண்மையில் ஆண்டுகள் மிச்சமாவது இந்த இரண்டாம் வகையில்தான். சேமித்த பணம் முதலில் அங்கே போக வேண்டும். மூன்று முதல் ஆறு மாத நிலுவைக்குள் டீஃபால்ட் பதிவதே துறையின் நெறி என்பதால், அதைத் தாண்டி இழுத்தடிக்கப்பட்ட கணக்குக்குப் பழைய தேதியில் டீஃபால்ட் பதியக் கோரலாம்.

ஆறு ஆண்டில் தானே மறைவதை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். மறைவது பதிவு மட்டுமே, கடன் அப்படியே இருக்கிறது. 1980-இன் காலவரையறைச் சட்டத்தின் ஆறாண்டுக் கணக்கு ஒவ்வொரு தவணையாலும் புதிதாகத் தொடங்குவதால், திட்டத்தில் கட்டிவருபவருக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. வழக்குப் போட்டு நீதிமன்றத் தீர்ப்பு விழுந்தால், அந்தப் பதிவு இன்னோர் ஆறு ஆண்டு நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால்தான் நீங்கும். குறைத்துக் கட்டினால் ‘பகுதித் தீர்வு’ என்ற குறி விழுமே என்பது மற்றோர் ஆட்சேபம். உண்மைதான், வீட்டுக்கடன் தருபவர்களில் சிலர் முழுத்தீர்வையே எதிர்பார்க்கிறார்கள். ஆனால் டீஃபால்ட் ஆன கணக்கில் இரண்டு குறிகளும் ஒரே நாளில் மறைகின்றன. அந்த நாள் நெருங்கிவிட்டவர், குறிக்காக மட்டும் முழுத்தொகை கட்டுவது வீண். கடன் கொடுத்தவர் ஏமாற்றப்படுகிறார் என்ற வாதம் வலுவற்றது. வாராக்கடனை முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்பது அவர்களே வைத்திருக்கும் வழக்கம். அந்தக் கழிவைக் கடன்பட்டவருக்கும் தருவதில் அநீதி எதுவும் இல்லை.

மதிப்பை மீட்கும் வழிகள் எளியவை: வாக்காளர் பட்டியலில் பெயர் இருத்தல், மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் இலவசமாகப் பெற்றுத் தேதிகளைச் சரிபார்த்தல், பிரிந்துபோனவரோடான கூட்டுக்கணக்குத் தொடர்பை நீக்கச் சொல்லுதல், சிறு வரம்புள்ள ஒரு கார்டை மாதாமாதம் முழுவதுமாக அடைத்தல். கடன்பட்டதன் காரணத்தை 200 சொற்களுக்குள் எழுதிப் பதிவோடு சேர்க்கவும் வழியுண்டு. கடனை உடனே தீர்க்க இயலாதவர்களுக்காக ஸ்காட்லாந்தில் 2004 முதல் நடைமுறையில் உள்ள சட்டபூர்வத் திட்டம் இன்று வட்டியையும் நிறுத்திவைக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் 60 நாள் அவகாசம் தரும் திட்டம் செயல்படுகிறது.