லயக் காம்பராவில் நத்தார் மரம்: காயாமல் வைத்திருப்பது எப்படி?

மலையகத்தில் நத்தார் மரம் என்றால் சைப்பிரஸ் அல்லது பைனஸ் கிளை. வடக்கில் சவுக்கங்கிளை. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்களுக்கு இரண்டும் பழக்கம். எதுவானாலும் வெட்டிய மரத்துக்குத் தண்ணீர் வேண்டும். காய்ந்தால் அது வீட்டுக்குள் நிறுத்திய விறகு.

பன்வில போன்ற தோட்டப் பகுதிகளில் இது ஒரு வீட்டின் பிரச்சினையாக நின்றுவிடாது. லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியே அடுத்ததற்குத் தாவும். கண்டியிலிருந்து தீயணைப்பு வாகனம் வத்தேகம வழியாக மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவின் அரச தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்திய சோதனையில், காய்ந்த மரத்தில் வைத்த தீ ஒரு நிமிடத்துக்குள் அறை முழுவதையும் சூழ்ந்தது. ஈரம் குறையாத மரங்களில் தீ நின்று எரியவில்லை.

மரத்தைக் காட்டில் வெட்டப் போகாதீர்கள். பன்விலைக்கு மேலே உள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டு முதல் பேணற்காடு; 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அரச பைனஸ் தோப்புகளிலும் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். விலைக்கு வாங்குங்கள், அல்லது தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வெட்டுங்கள்.

வெட்டிய சில மணி நேரத்தில் அடித்தண்டின் முகத்தில் பிசின் படிந்து, தண்ணீர் ஏறும் வழி அடைபடும். ஆகவே வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடியில் 2 செ.மீ. அளவு நேராக அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் வையுங்கள். பட்டையைச் சீவ வேண்டாம். வாளியில் மண்ணை இறுக்கி நிரப்புவதைவிட, கருங்கற்களை அடுக்கித் தண்டை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது நல்லது. தண்டின் விட்டம் 5 செ.மீ. என்றால் குறைந்தது 2 லீற்றர் நிற்கட்டும். முதல் சில நாட்களில் மரம் நிறையக் குடிக்கும். காலையும் மாலையும் பாருங்கள். வெட்டுமுகம் ஒருமுறை தண்ணீருக்கு மேலே வந்து காய்ந்தால் மறுபடி அறுக்க வேண்டியதுதான். சீனி, மாத்திரை எதுவும் தேவையில்லை, பச்சைத் தண்ணீர் போதும்.

ஆனால் தேங்கிய தண்ணீர் டெங்கு நுளம்புக்கும் இடம். வாளியின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள், வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதுமாக மாற்றி வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

10க்கு 12 அடிக் காம்பராவில் இடம் தேடுவது சிரமம்தான். இருந்தாலும் அடுப்பிலிருந்தும் சாமிப்படத்து விளக்கிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். வாசலை மறிக்க வேண்டாம். மரத்திலோ பக்கத்துப் பாலன் குடிலிலோ மெழுகுதிரி கூடவே கூடாது, கரண்ட் போன இரவிலும். எல்.இ.டி. குமிழ்கள் அதிகம் சூடாகாது. ஆனால் வயரில் தோல் உரிந்திருந்தால் அந்தச் சரத்தை எறிந்துவிடுங்கள். ஒரே பிளக்கில் நான்கைந்து சரங்களைக் கோர்க்காதீர்கள். படுக்கும்முன் அணைத்துவிடுங்கள்.

சைப்பிரஸ் ஏமாற்றும் மரம். உள்ளே காய்ந்த பிறகும் சில நாட்கள் பச்சையாகவே தெரியும். ஆகவே கண்ணை நம்பாமல் கிளையை வளைத்துப் பாருங்கள். வளையாமல் மொறுமொறுவென்று ஒடிந்தால், நத்தாருக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள் வரை வைத்திருக்க விரும்புவோர் தினமும் இப்படிச் சோதிக்க வேண்டும். எடுத்த மரத்தை லயத்துச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வீட்டு அடுப்பிலும் எரிக்காதீர்கள். பிசின் வெடித்துப் பொறி பறக்கும். வெட்டித் துண்டாக்கி மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம்.