வயா: மண்ணும் புளியும்

கருவுற்ற பெண்ணின் தொடக்க மாதத் துன்பங்களை நாம் இன்று மசக்கை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சங்க காலத்தார் அவற்றுள் ஒன்றனைப் பிரித்தெடுத்து வயா என்றும் வயவு என்றும் வழங்கினர். தொல்காப்பிய உரியியல் வயா என்பதற்கு வேட்கைப் பெருக்கம் எனப் பொருளுரைக்கும்.

இவ்வேட்கை இடம்பெறும் இரு பாடல்களை அருகருகே வைத்து நோக்குவோம். புறநானூற்று 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் காவற்சிறப்பைப் பாடுகிறார். கருவுற்ற மகளிர் விரும்பி உண்டாலன்றிப் பகைவரால் கொள்ளப்படாத மண் அவனுடையது என்பது புகழ்ச்சியின் சாரம். மற்றொன்று குறுந்தொகை 287. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். பெண்பாற் புலவராகக் கருதப்படுபவர். கச்சியாகிய காஞ்சி, பழைய செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்த ஊராதலின் இவரை நம் பக்கத்துப் புலவர் எனலாம். நீர் சுமந்து வானேற மாட்டாத மேகத்துக்கு, நடக்கவியலாது தளர்ந்து பச்சைப்புளியை வேட்கும் நிறைசூல் மகளிரை இவர் உவமையாக்குகிறார். வேட்கை தொடக்க மாதங்களோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதும் இதனால் பெறப்படும்.

முன்னதில் பெண்ணின் வேட்கை வேந்தன் பெருமைக்குச் சான்று. அவள் உடல் அங்கு இல்லை. பின்னதிலோ சுமையும் அயர்வும் உண்டு. மண்ணை அவள் ஏன் உண்டாள் என்ற வினா மட்டும் நெடுங்காலம் கேட்கப்படவில்லை.

மண், சாம்பல், பச்சரிசி முதலியவற்றை இடைவிடாது நாடுவது இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என்பதை மருத்துவம் இன்று அறியும். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். எனவே புறநானூறு கண்ட காட்சி பழங்கதையன்று. மண்ணோடு புழுவும் ஈயம் போன்ற நஞ்சும் உடலிற் சேரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

குமட்டலின் வரலாறோ இதனினும் கசப்பானது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் குமட்டலுக்கென உட்கொண்ட தாயர் பலர். 1961இல் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தனர். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற இயக்குநீர் இக்குமட்டலுக்கு முதன்மைக் காரணம் என்ற ஆய்வு 2023இல்தான் வெளிவந்தது. அதுவரை இதனை மனக்கோளாறு எனத் தள்ளியவரும் உண்டு.

நம் வீட்டு மூதாட்டியர் கூறும் சிறுசிறு உணவும், எழுமுன் உண்ணும் பொரியும், இஞ்சியும் எளிய குமட்டலைத் தணிக்கும். ஆயின் குடித்த நீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து, எடை இறங்கினால் அது மசக்கைதானே என்று வாளாவிருத்தல் தகாது. மருத்துவமனை செல்லல் வேண்டும். அவ்வாறே, கொல்லைப்புறத்தில் ஒளிந்து சாம்பல் தின்னும் மருமகளுக்கு வேண்டுவது ஏளனமன்று, ஓர் இரத்தப் பரிசோதனை. புலவர் உவமையாகக் கண்டதை நோயின் குறியாகவும் காணக் கற்றுக்கொள்வோமாக.