பல்வலியும் வாய்ப்பூட்டும்: லண்டன் தீப்பெட்டித் தொழிலாளர் வரலாற்றில் ஓர் இயல்

கிழக்கு லண்டனின் போ பகுதியில் இயங்கிவந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் வரலாறு, வேலையிடத்து ஆபத்தை அறிந்திருப்பதும் அதை வெளியே சொல்லத் துணிவதும் வெவ்வேறு என்பதற்குத் தெளிவான சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்களும் சிறுமியரும் ஆவர். அவர்களுள் பலர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள்.

எந்தச் சொரசொரப்பான பரப்பில் உரசினாலும் பற்றிக்கொள்ளும் அக்காலத் தீக்குச்சியின் மருந்தில் வெண்பாஸ்பரஸ் என்னும் நச்சுப்பொருள் சேர்க்கப்பட்டது. அதன் ஆவி நாள்தோறும் உடலில் சேரச் சேர, முதலில் பல்வலியும் கன்ன வீக்கமும் தோன்றி, பின்னர் சீழ் வைத்துத் தாடை எலும்பே அழுகிவிடும். தொழிலாளர் வழக்கில் 'பாஸி ஜா' எனப்பட்ட இந்நோயை 1845-ஆம் ஆண்டிலேயே வியன்னா மருத்துவர் லோரின்சர் விவரித்திருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரஸைப் பூசி, குச்சியை அதில் உரசிப் பற்றவைக்கும் பாதுகாப்பான முறையும் சுவீடனில் உருவாகியிருந்தது. ஆயினும், எங்கும் பற்றும் மலிவான குச்சிக்கே சந்தையில் கிராக்கி இருந்ததால் பழைய மருந்து நீடித்தது.

தொழிலாளர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. தாடை இழந்தவர்கள் அவர்களுடைய தெருக்களிலேயே வாழ்ந்தார்கள். குச்சிகளை அடுக்கிய மேசையிலேயே, அதே கைகளால், அவர்கள் ரொட்டியையும் உண்டார்கள். இருந்தும், பல்வலி என்று சொன்னவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் அல்லது வேலையை விட வேண்டும் என்ற நிலை இருந்ததால், வலியை மறைப்பதே பிழைக்கும் வழியாயிற்று. வருங்காலத்தில் வரக்கூடிய நோயைவிட, இந்த வாரமே நின்றுபோகக்கூடிய கூலி அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது.

இந்த அச்சத்தை அபராத முறை மேலும் இறுக்கியது. வாரம் 4 ஷில்லிங், அதாவது 48 பென்ஸ், கூலி பெற்ற சிறுமியிடம், கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ் பிடிக்கப்பட்டது. சில பிரிவுகளில் வேலை நேரத்தில் பேசியதற்கும் அதே அபராதம். விரல் வெட்டுப்படாமல் காத்துக்கொள்ள முயன்றபோது இயந்திரத்தில் சிக்கல் ஏற்படவிட்ட ஒருத்திக்கு ஒரு ஷில்லிங் அபராதம் விதித்து, விரலை விட்டுவிட்டு இயந்திரத்தைக் கவனிக்குமாறு கண்டித்த நிகழ்ச்சியும் பதிவாகியுள்ளது. அபராதம் விதிப்பவரும் முறையீட்டைக் கேட்பவரும் ஒரே மேஸ்திரியாக இருந்த இடத்தில், முறையிடுவது தன் கூலியில் தானே கைவைப்பதற்குச் சமமாயிற்று.

இச்செய்திகளை, பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட், 1888 ஜூன் 23-இல் தம் இதழில் வெளியிட்டார். கட்டுரை பொய் என்று எழுதிய தாளில் கையெழுத்திடுமாறு நிர்வாகம் தொழிலாளர்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். ஒரு பெண் வேலைநீக்கம் செய்யப்பட்டதும், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியேறினர். இதைப் பெசன்ட் நடத்திய போராட்டமாகவே நெடுங்காலம் எழுதிவந்தனர். ஆனால் அப்பெண்கள் தாமாகவே முடிவெடுத்து நடத்தினர் என்பதை லூயிஸ் ரா என்னும் வரலாற்றாய்வாளர் வலியுறுத்தியுள்ளார். தனியொருத்தி பேசினால் அவள் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து வெளியேறும்போது அந்த இழப்பு பகிரப்பட்டுத் தாங்கக்கூடியதாகிறது என்பதே மௌனம் கலைந்ததன் காரணம்.

அம்மாத இடையில் ஏற்பட்ட உடன்பாட்டில் அபராதங்கள் நீக்கப்பட்டன. உணவுக்குத் தனி அறை அமைக்க நிர்வாகம் இசைந்தது. குறைகளை மேஸ்திரி வழியாக அல்லாமல் நிர்வாகத்திடமே நேரில் கூறலாம் என்பதும் ஏற்கப்பட்டது. ஆனால் வெண்பாஸ்பரஸ் ஆலையை விட்டு அகலவில்லை. கூலியும் அபராதமும் எல்லோருக்கும் பொதுவான குறைகளாக இருந்ததால் அவற்றைப் பற்றிக் கூடிப் பேச முடிந்தது; நோயோ ஒவ்வொருத்தியின் வாய்க்குள்ளும் தனித்தனியே தோன்றியதால், அதை ஒப்புக்கொள்பவள் மீண்டும் தனித்து நிற்க நேர்ந்தது. பாஸ்பரஸ் நச்சுப் பாதிப்பை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என 1895-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பின்னரும், 17 பேரின் தாடை நோயை அறிவிக்காமல் மறைத்ததற்காக அந்நிறுவனம் 1898-இல் தண்டிக்கப்பட்டது.

இந்நிலையில், நோயாளியின் துணிவை நம்பியிராத தீர்வே இறுதியில் பயன்தந்தது. 1901-இல் அந்நிறுவனம் வெண்பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையைத் தொடர்ந்து பிரிட்டன் 1908-இல் தடைச்சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1913-இல் அத்தகைய சட்டம் வந்துவிட்டதால், அதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், வேறு இடர்களைச் சந்தித்தாலும், வெண்பாஸ்பரஸ் இல்லாமலே வளர்ந்தது. ஆபத்தை வெளியே சொல்வதற்கான வழியும் பின்னாளில் சட்டத்தில் இடம்பெற்றது. போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், உடனடி ஆபத்தை அஞ்சும் தொழிலாளர்கள் அதை நிர்வாகத்துக்கு நேரடியாகவோ பாதுகாப்புக் குழுவிலுள்ள தம் பிரதிநிதிகள் மூலமாகவோ தெரிவிப்பதோடு, அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று வகைசெய்தது. தனி ஆளின் அச்சத்தைக் கூட்டுக்குரலாக மாற்றுவதும், அக்குரல் மேஸ்திரியின் மேசையோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் இவ்விதியின் உட்கிடை. போ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றுள் நிலைத்த பகுதியும் அதுவே.