விருதுநகர் மாவட்டத்தில் பத்திரிகையாளர் மீதான ஒடுக்குமுறை

சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசுத் தொழில், கட்சி உட்பூசல், கல்வி நிலைய முறைகேடு ஆகியவற்றைப் பற்றி எழுதியோர் சந்தித்த தாக்குதல்களும் வழக்குகளும் இத்தலைப்பில் அடங்கும். ஊரிலேயே குடியிருக்கும் நிருபருக்கு வந்த ஆபத்து வேறு, சென்னையில் இருக்கும் ஆசிரியருக்கு வந்தது வேறு.

சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் நிலையை 1983இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் ஸ்மிதூ கோத்தாரி எழுதினார். 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார் (குட்டி ஜப்பான் என்பது சிவகாசியின் பட்டப்பெயர்). எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 கட்ட வேண்டும் என்றது. கோத்தாரியும் பென்னூர்கரும் வெளியிலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார்கள். தாலுகா நிருபர் நிலை அப்படியல்ல. அவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரையே மறுநாள் கோயில் விழாவிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தாக வேண்டும். ஆலை முதலாளியின் தீபாவளி விளம்பரமும் அதே பத்திரிகைக்குத்தான் வரும்.

உரிமம் பெற்றவர் பட்டாசு அறைகளை உள்குத்தகைக்கு விடுவது ஊரறிந்த ரகசியம். ஆனால் அது பெரிய செய்தியாவது பெரும்பாலும் வெடித்த பிறகுதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். இடைப்பட்ட நாட்களில் மருந்துக் கலவை அறையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேட்டால், பதில் சொல்லத் தொழிலாளிகளே தயங்குவார்கள். வேலை போய்விடும் என்ற பயம்.

2020 மார்ச்சில் ‘குமுதம் ரிப்போர்ட்டர்’ இதழ், அமைச்சர் கே.டி. ராஜேந்திரபாலாஜிக்கும் சாத்தூர் எம்.எல்.ஏ. ராஜவர்மனுக்கும் இடையிலான அ.தி.மு.க. உட்பூசல் பற்றிச் செய்தி வெளியிட்டது. அதையடுத்து மார்ச் 3 அன்று அவ்விதழின் நிருபர் கார்த்தி சிவகாசியில் இரும்புக் கம்பியால் தாக்கப்பட்டுப் பலத்த காயமடைந்தார். பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன.

அருப்புக்கோட்டை விவகாரம் வேறு பாதையில் போனது. அங்குள்ள தேவாங்கர் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியை நிர்மலா தேவி, பல்கலைக்கழகப் பெரிய மனிதர்களுக்காக மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாக 2018 ஏப்ரலில் கைதானார். அவ்வழக்கோடு ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தைத் தொடர்புபடுத்தி ‘நக்கீரன்’ எழுதியது. ஆளுநர் மாளிகை புகார் கொடுக்க, அதே ஆண்டு அக்டோபர் 9 காலை சென்னை விமான நிலையத்தில் ஆசிரியர் கோபால் கைது செய்யப்பட்டார். போட்ட பிரிவு இந்திய தண்டனைச் சட்டம் 124: ஆளுநரைக் கடமை செய்யவிடாமல் தாக்குவது, தடுப்பது பற்றியது. எழுத்தையே தாக்குதலாக எடுத்துக்கொண்ட விசித்திரம் அது. கோபாலைப் பார்க்கக் காவல் நிலையத்துக்கு வந்த ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோவும் (சிவகாசித் தொகுதியின் முன்னாள் எம்.பி.) கைதானார். எழும்பூர் நீதிமன்றத்தில், பத்திரிகைத் துறையின் சார்பில் பேச ‘தி இந்து’ என். ராமுக்கு நீதித்துறை நடுவர் வாய்ப்பளித்தார். இப்பிரிவைப் பத்திரிகை மீது பயன்படுத்துவது தவறான முன்னுதாரணமாகும் என்றார் ராம். நடுவர் காவலுக்கு அனுப்ப மறுத்துவிட்டார், கோபால் அன்றே வெளியே வந்தார்.

கோபாலுக்கு இது புதிதல்ல. 2003இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக அவர் தொடுத்த வழக்கில்தான், ஒரு செய்தி வெளிவரும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தீர்ப்பு காகிதத்தில் தாலுகா நிருபரையும் காக்கிறது. கம்பியோடு வருபவனிடம் அதைக் காட்ட முடியாது.

நிர்மலா தேவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அவருடன் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டனர். நிருபர்களின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, பத்திரிகையாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க மகாராஷ்டிரத்திலும் சத்தீஸ்கரிலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் இத்தகைய தாக்குதல்கள் பொதுவான குற்றவியல் பிரிவுகளின்கீழ்தான் பதிவாகின்றன.